மெயில் லாகினுக்குப் பின்னால் ஒரே டேட்டாபேஸ்: கலேரா வேண்டுமா, ரெப்ளிகா போதுமா?

கேள்வி, 16 ஏப்ரல் 2025

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பார்க்கிறேன். முந்நூறு மெயில்பாக்ஸ் இருக்கும். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியைத் திறந்து காட்டும் டோவ்காட்டும் இரண்டு சர்வரில் ஓடுகின்றன. ஒன்று ஃபேக்டரியில், இன்னொன்று வேலூர் அலுவலகத்தில். யூசர், பாஸ்வேர்டு எல்லாம் ஃபேக்டரியில் தனியாக இருக்கிற ஒரே மரியாடிபி டேட்டாபேஸ் மெஷினில். போன வாரம் அதன் டிஸ்க் போய்விட்டது. மெயில் சர்வர் இரண்டும் உயிரோடு இருந்தும் ஒருவராலும் மெயில் பார்க்க முடியவில்லை. எல்லா மெஷினிலும் எழுதக்கூடிய கலேரா கிளஸ்டர் போடுங்கள், இரண்டு நோடு (மெஷின்) போதும் என்கிறார் வெண்டர். போடலாமா?

16 ஏப்ரல், மாலை

இரண்டு நோடு கலேரா வேண்டாம். உங்களுக்கு கலேராவே தேவைப்படாது.

மெயில் சர்வர் டேட்டாபேஸிடம் கேட்பது இரண்டே கேள்விகள். இந்த முகவரி நம்முடையதா? இவர் கொடுத்த பாஸ்வேர்டு சரியா? இரண்டும் படிக்கிற வேலை. புதிதாக ஆள் சேர்ந்தால், யாராவது விலகினால், பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும்தான் எழுத வேண்டும். உங்கள் அளவு நிறுவனத்தில் அது நாளுக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எழுதுகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது கலேரா. உங்களிடம் அந்தத் தேவையே இல்லை.

மாஸ்டர், அதாவது எழுதும் டேட்டாபேஸ், ஒன்றே போதும், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இரண்டு மெயில் சர்வரிலும் ஆளுக்கொரு ரெப்ளிகா, அதாவது மாஸ்டரைப் பின்தொடரும் பிரதி, வையுங்கள், படிக்க மட்டும். போஸ்ட்ஃபிக்ஸும் டோவ்காட்டும் அதே மெஷினில் உள்ள ரெப்ளிகாவை யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினுக்குள்ளான இணைப்பு) வழியாகக் கேட்கட்டும். மாஸ்டர் செத்தாலும் லாகின் நடக்கும், மெயில் வரும், போகும். பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் நிற்கும். அதை யாரும் அரை நாள் பொறுப்பார்கள்.

16 ஏப்ரல், இரவு

கான்ஃபிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மென்பொருளும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

போஸ்ட்ஃபிக்ஸின் மைஎஸ்க்யூஎல் கோப்பில் (மரியாடிபிக்கும் அதுதான்) ஹோஸ்ட்ஸ் வரியில் எத்தனை சர்வர் வேண்டுமானாலும் தரலாம். எழுதிய வரிசையில் முயலாது. குலுக்கி எடுத்துத்தான் முயலும். ஆனால் யூனிக்ஸ் சாக்கெட்டுகளை எல்லாம் முடித்த பிறகே டிசிபி, அதாவது நெட்வொர்க் இணைப்புப் பக்கம் போகும். நமக்கு வேண்டியது அதுதான். உள்ளூர் சாக்கெட், பக்கத்து ஊர் ரெப்ளிகாவின் ஐபி, இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் முன்பின் வரிசை தானாக அமைந்துவிடும். இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிராக்ஸிமேப் வழியாகப் போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெயில் வாங்கும் ஒவ்வொரு எஸ்எம்டிபி ப்ராசஸும் தனித்தனி இணைப்பு திறக்கும்.

டோவ்காட்டில் இரண்டு ஹோஸ்ட் கொடுத்தால் இரண்டுக்கும் மாறி மாறிப் போகும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும், அது உண்மை. ஆனால் நல்ல நாளிலும் பாதிக் கேள்விகள் பாலாற்றைத் தாண்டி வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் அலைந்துகொண்டிருக்கும். அதைத் தவிர்க்க, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பாஸ்டிபி பகுதியை இரண்டு முறை எழுதுங்கள். முதலாவது உள்ளூர் சாக்கெட், இரண்டாவது பக்கத்து ஊர். முதலாவதில், உள்கோளாறு வந்தால் அடுத்ததற்குப் போ, பாஸ்வேர்டு தப்பு என்றால் அங்கேயே முடித்துவிடு என்று இரண்டு விதி தர வேண்டும். இரண்டாவது விதி இல்லாமல் விட்டால் தப்பான பாஸ்வேர்டு ஒவ்வொன்றும் பக்கத்து ஊர் வரை போய்த்தான் தோற்கும். யூசரின் பெட்டி எங்கே என்று சொல்லும் யூசர்டிபிக்கும் இதையே செய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் டோவ்காட்டிடம் மெயிலை ஒப்படைக்கும் எல்எம்டிபி வழியாக அது உள்ளே வரும்போது பாஸ்டிபியைக் கேட்பதில்லை, யூசர்டிபியைத்தான் கேட்கும்.

டோவ்காட் 2.4 2025 ஜனவரியில் வந்தது. அதில் கான்ஃபிக் எழுதும் முறை நிறைய மாறிவிட்டது. நீங்கள் 2.3-இல் இருந்தால் இந்த வேலை முடியும் வரை அதிலேயே இருங்கள்.

19 ஏப்ரல்

உங்கள் பதிலில் ஒரு வரி எனக்கு உறுத்தலாக இருந்தது: "டேட்டாபேஸ் செத்திருந்த நேரத்தில் வெளிநாட்டு பையர்கள் அனுப்பிய மெயில் எல்லாம் தொலைந்திருக்கும்." அப்படித் தொலைந்திருக்காது. டேட்டாபேஸ் பதிலே சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்புகிறவருக்கு 451 என்று சொல்லும். தற்காலிகக் கோளாறு, அப்புறம் வா என்று அர்த்தம். எதிர்முனை சர்வர் மெயிலைத் தன் கியூவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். எஸ்எம்டிபி விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 5321 குறைந்தது நான்கைந்து நாள் முயலச் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கணக்கு ஐந்து நாள். கரண்ட் போய் வருவதற்கு அது தாராளம்.

பயப்பட வேண்டியது 550. அப்படி யாரும் இங்கே இல்லை என்ற பதில் அது. ஜெர்மனியில் இருக்கிற பையருக்கு அந்த நிமிஷமே மெயில் திரும்பிப் போய்விடும். ஷிப்மெண்ட் பேப்பர் அனுப்பியவர் இந்தக் கம்பெனி இழுத்து மூடிவிட்டார்களா என்று நினைப்பார். கேட்டில் இருக்கிற வாட்ச்மேனிடம் ரெஜிஸ்டர் இல்லையென்றால் "கொஞ்சம் இருங்க" என்று சொல்ல வேண்டும், "அப்படி ஒருத்தர் இங்க வேலையே செய்யல" என்று சொல்லக் கூடாது.

சரி, தப்பான 550 எப்போது வரும்? டேட்டாபேஸ் உயிரோடு இருந்து, உள்ளே ஒன்றும் இல்லாதபோது. கேள்வி போகிறது, பிழை இல்லாமல் பூஜ்யம் வரி திரும்புகிறது. போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெளிவான பதில். ஆள் இல்லை என்று நம்பிவிடும். அதனால் செத்த டேட்டாபேஸைவிட வெறும் டேட்டாபேஸ் பல மடங்கு ஆபத்து.

காட்பாடிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். புது ரெப்ளிகாவில் டம்ப் (டேட்டாபேஸின் முழுப் பிரதிக் கோப்பு) ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதியில் டிஸ்க் நிறைந்து நின்றுவிட்டது. யூசர் டேபிளில் ஆங்கில எழுத்து வரிசையில் முதல் பாதிப் பெயர்கள் இருந்தன, மீதி இல்லை. மெயில் சர்வர் அதற்குள் அதைக் கேட்க ஆரம்பித்திருந்தது. பெயர் பிற்பாதியில் வருகிறவர்களுக்கு வந்த மெயில் மட்டும் திரும்பிப் போயிற்று. மற்றவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்ததால், இவர்கள் மொபைலில்தான் ஏதோ கோளாறு என்று மதியம் வரை தேடினார்கள்.

டேட்டாபேஸில் கை வைக்கிற எந்த வேலைக்கும் முன்னால் போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸை எஸ் என்று மாற்றிவிடுங்கள். அது எல்லா 5 வரிசைப் பதில்களையும் 4 வரிசையாக்கும். எது தப்பாகப் போனாலும் மெயில் கியூவில் காத்திருக்கும். வேலை முடிந்து, நாலைந்து பெயர்களை போஸ்ட்மேப் கட்டளையால் கேட்டுப் பார்த்து, பதில் சரி என்றதும் திரும்ப நோ ஆக்குங்கள். அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஸ்பேம் அனுப்புகிறவன் எல்லாம் நாள் முழுக்கத் திரும்ப வந்துகொண்டிருப்பான்.

20 ஏப்ரல்

இதே விஷயத்தின் டோவ்காட் பக்கம். அதில் முந்தைய லாகின் பதில்களை நினைவில் வைக்கும் ஆத் கேஷ் என்று ஒன்று உண்டு, 2.3-இல் இயல்பாக அணைந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் மெமரி ஒதுக்கி இயக்கி வையுங்கள். டேட்டாபேஸ் உள்கோளாறு தந்தால், கேஷில் உள்ள பதிவு காலாவதியாகியிருந்தாலும் அதை வைத்தே உள்ளே விடும். அன்று காலையில் லாகின் செய்தவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். பாஸ்வேர்டு மாற்றினால் பழசு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கேஷில் இருப்பதோடு பொருந்தாத பாஸ்வேர்டு வந்தால், முந்தைய லாகின் வெற்றியாக இருந்திருக்கும் பட்சத்தில் அது டேட்டாபேஸைத் திரும்பக் கேட்கும். எனவே புதியது உடனே வேலை செய்யும். பழையது கேஷ் காலம் முடியும் வரை வேலை செய்யக்கூடும், அதைத்தான் கவனிக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடினால் டோவ்ஆட்மின் கட்டளை கொண்டு கேஷைக் காலி செய்துவிடுங்கள்.

இல்லை என்ற பதிலுக்கும் தனியாக ஒரு கேஷ் காலம் உண்டு. அதுவும் இயல்பில் ஒரு மணி நேரம். அதைப் பூஜ்யமாக்குங்கள். வெறும் டேபிள் ஐந்து நிமிஷம் இருந்தாலும், அந்த "இல்லை" ஒரு மணி நேரத்துக்கு நினைவில் நிற்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

27 ஏப்ரல்

ரெப்ளிகா போட்டாயிற்று, டெஸ்ட்டும் செய்தாயிற்று, மாஸ்டர் மரியாடிபி சர்வீஸை நிறுத்தியும் எல்லாம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எளிதான டெஸ்ட். சர்வீஸ் நின்று மெஷின் ஓடினால், கதவைத் தட்டியதுமே "இல்லை போ" என்று லினக்ஸ் கர்னல் பதில் சொல்லிவிடும். அடுத்த ஹோஸ்ட்டுக்கு நொடியில் மாறலாம். நிஜத்தில் கோளாறு அப்படி வருவதில்லை. கரண்ட் போகும், அல்லது ரோடு தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுப்பார்கள். அப்போது மறுப்பும் வராது, பதிலும் வராது. லினக்ஸ் இயல்பாக ஆறு முறை திரும்ப முயன்று, இரண்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருந்த பிறகுதான் கைவிடும். அதற்குள் மொபைல் எல்லாம் டைம்அவுட் ஆகியிருக்கும்.

எனவே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். முதலில் மாஸ்டரின் கேபிள், அப்புறம் வேலூர்க் கேபிள். டோவ்காட்டின் கனெக்ட் வரியில் கனெக்ட் டைம்அவுட்டை இரண்டு மூன்று வினாடியாக வையுங்கள்.

மூன்றாவது டெஸ்ட் ஒன்று உண்டு, அதை யாரும் செய்வதில்லை. உள்ளூர் ரெப்ளிகாவின் ப்ராசஸுக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வையுங்கள். இணைப்பு கிடைக்கும், பதில் வராது. உங்கள் டிஸ்க் அன்று சாகும்போது இந்த நிலையைத் தாண்டித்தான் செத்திருக்கும். இதற்குக் கனெக்ட் டைம்அவுட் மட்டும் போதாது, ரீட் டைம்அவுட்டும் வேண்டும்.

5 மே

கத்திரி தொடங்கிவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் மாலை வரை மின் நிறுத்தம் என்று பேப்பரில் வந்தால், அந்த நாளில் உங்கள் சர்வர் ரூம் ஏசி எதில் ஓடும் என்று பாருங்கள். பல இடங்களில் சர்வர் யுபிஎஸ்ஸில் இருக்கும், ஏசி இருக்காது. வேலூர் வெயிலில் மூடிய அறை ஒரு மணி நேரத்தில் கொதிக்கும், மெஷின்கள் சூடு தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே அணையும். மாஸ்டரும் மெயில் சர்வரும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ஸ்விட்சில் இருந்தால் அவை இரண்டு மெஷின் என்ற கணக்கே கிடையாது.

5 மே, இரவு

வெண்டர் கலேராவை விடவில்லை போலிருக்கிறது. மின் நிறுத்தத்தையே வைத்து அவருக்குப் பதில் சொல்லலாம்.

கலேரா ஓட்டு எண்ணித்தான் வாழ்கிறது. பாதிக்கு மேல் நோடுகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இரண்டு நோடு இருந்து நடுவில் ஃபைபர் அறுந்தால், ஆளுக்குப் பாதி. இரண்டு பக்கமும் பெரும்பான்மை இழந்து, வழக்கமான கேள்விகளுக்குக்கூடப் பதில் தர மறுக்கும். முன்பு ஒரு மெஷின் செத்தால்தான் லாகின் நிற்கும். இப்போது இரண்டும் நன்றாக இருக்க, நடுக் கேபிள் போனாலே நிற்கும். மூன்றாவதாக ஒரு நோடோ, ஓட்டுப் போட மட்டும் ஒரு ஆர்பிட்ரேட்டரோ வேண்டும், அதுவும் மூன்றாவது இடத்தில்.

எல்லா நோடும் சேர்ந்து அணைந்தால் கரண்ட் வந்ததும் தானாக எழும் என்ற உறுதி இல்லை. எழாவிட்டால், கடைசியாக எழுதிய நோடு எது என்று பார்த்து, அதிலிருந்து கிளஸ்டரைக் கையால் தொடங்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அதைச் செய்யத் தெரிந்தவர் ராணிப்பேட்டையில் இருந்தால் சரி. ரெப்ளிகா அப்படி இல்லை. மெஷின் எழுந்தால் தானும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். மாஸ்டர் வராவிட்டாலும் தன்னிடம் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

11 மே

"மாஸ்டர் செத்தால் ரெப்ளிகாவைத் தானாக மாஸ்டராக்க ஏதாவது ஸ்கிரிப்ட் உண்டா?" உண்டு, போடாதீர்கள். ஃபைபர் அறுந்ததை மாஸ்டர் செத்ததாக எடுத்துக்கொண்டு வேலூர் ரெப்ளிகா தன்னை மாஸ்டர் ஆக்கிக்கொள்ளும். ராணிப்பேட்டை மாஸ்டரும் உயிரோடு இருக்கும். இரண்டு பக்கமும் பாஸ்வேர்டு மாறும். இணைப்பு திரும்பியதும் எதை நம்புவது? லாகினுக்கு எழுத வேண்டிய அவசரம் இல்லாததால், மாஸ்டர் மாற்றத்தை ஒரு மனிதர் போனில் பேசி உறுதி செய்துவிட்டுக் கையால் செய்யலாம்.

24 மே

முதல் நாள் எழுதியதில் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, படிக்கிற வேலை மட்டும்தான் என்றேன். போஸ்ட்ஃபிக்ஸ், டோவ்காட்டின் லாகினுக்கு அது சரி. நீங்கள் ரவுண்ட்கியூப் (பிரவுசரில் மெயில் பார்க்கும் மென்பொருள்) வைத்திருப்பதாக இப்போதுதான் சொல்கிறீர்கள். அது தன் செஷனை (லாகின் ஆனவரின் பதிவை) இயல்பாக டேட்டாபேஸில்தான் எழுதும். படிக்க மட்டும் உள்ள ரெப்ளிகாவைக் காட்டினால் லாகின் பக்கத்திலேயே நின்றுவிடும். அதற்குத் தனியாக ஒரு சின்ன டேட்டாபேஸ் அந்தந்த சர்வரிலேயே கொடுங்கள். முகவரிப் புத்தகம் இரண்டு இடத்திலும் வேறாக இருக்கும், அதை ஊழியர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கோட்டா (பெட்டி அளவு) கணக்கை டோவ்காட் எஸ்க்யூஎல்லில், அதாவது டேட்டாபேஸில், எழுதும்படி வைத்திருந்தால் அதையும் கோப்புக்கு மாற்றுங்கள்.

இரண்டு, ரெப்ளிகா சத்தமில்லாமல் நின்றுபோவது. இதைப் பற்றி யோசிக்க யோசிக்க எனக்கு இதுதான் இந்த அமைப்பின் பெரிய பலவீனமாகத் தெரிகிறது. நின்றுபோன ரெப்ளிகாவில் லாகின் அருமையாக நடக்கும். ஒரு புகாரும் வராது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை நீக்கியிருப்பீர்கள், மாஸ்டரில் கணக்கை மூடியிருப்பீர்கள், வேலூர் சர்வர் அவரை மாதக்கணக்கில் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்று மரியாடிபி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ரெப்ளிகேஷன் நின்றுவிட்டால் அந்த இடம் நல் (NULL, மதிப்பே இல்லை) ஆகிவிடும், சில மானிட்டர் ஸ்கிரிப்டுகள் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு பச்சை விளக்கு காட்டும். மாஸ்டரில் ஒரு வரி டேபிள் வைத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நேரத்தை எழுதுங்கள். ரெப்ளிகாவில் அந்த நேரத்தைப் படித்து, ஐந்து நிமிஷம் பழையதாக இருந்தால் கத்தச் சொல்லுங்கள்.

25 மே

அந்தக் கத்தல் மெயிலில் வரக் கூடாது. எஸ்எம்எஸ் அல்லது டெலிகிராம்.

8 ஜூன்

கேபிள் டெஸ்டில் வேலூர் ஊழியர்களின் மொபைல் பாஸ்வேர்டு கேட்டது என்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான். டேட்டாபேஸ் எட்டவில்லை என்றால் டோவ்காட் சரியாகத்தான் பதில் சொல்கிறது: தற்காலிகக் கோளாறு என்று, பாஸ்வேர்டு தப்பு என்று அல்ல. மெயில் படிக்கும் ஐமேப்பிலும் அனுப்பும் எஸ்எம்டிபியிலும் இரண்டுக்கும் வேறு வேறு பதில்கள் உண்டு. ஆனால் எல்லா மொபைல் ஆப்பும் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டு பெட்டியைக் காட்டிவிடும். மக்கள் பதறிப்போய் பழைய பாஸ்வேர்டு, வங்கிப் பாஸ்வேர்டு என்று கையில் வந்ததை எல்லாம் அடிப்பார்கள். டேட்டாபேஸ் திரும்பி வந்த பிறகும் மொபைல் அந்தத் தப்பான பாஸ்வேர்டையே அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது, தப்பான லாகின்களை எண்ணி ஐபியைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் விழித்துக்கொள்ளும். அலுவலகம் முழுக்க ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பதால், நாலு பேர் தப்பாக அடித்ததற்கு அத்தனை பேரையும் வெளியே தள்ளும். இரண்டு ஊர் அலுவலக ஐபியையும் அதன் விலக்குப் பட்டியலில் போடுங்கள். கோளாறு வந்த உடனே வாட்ஸ்அப் குழுவில் "பாஸ்வேர்டு கேட்டால் கேன்சல் செய்யுங்கள், எதையும் டைப் செய்ய வேண்டாம்" என்று அனுப்ப ஒருவரை நியமியுங்கள். தொழில்நுட்பத்தைவிட இந்த ஒரு செய்தி அதிக நேரம் மிச்சப்படுத்தும்.

9 ஜூன்

உங்கள் டெஸ்டில் இன்னொன்றும் தெரிந்திருக்கிறது, நீங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை: ஃபேக்டரி ஊழியர் ஒருவர் வேலூர் சர்வரில் லாகின் ஆனபோது இன்பாக்ஸ் காலியாக இருந்தது. லாகின் இரண்டு இடத்திலும் நடக்கும், பெட்டி ஒரு இடத்தில்தான் இருக்கிறது. டோவ்காட் அங்கே புதிதாக ஒரு வெறும் பெட்டியைத் திறந்துவிடும். மொபைல் அதைப் பார்த்துத் தன்னிடம் இருந்த பிரதியையும் அழித்து ஒத்திசையும். மனிதர் அலறிவிடுவார். பெட்டிகளை இரண்டு சர்வரிலும் ஒத்திசைக்க டோவ்காட்டின் பழைய பதிப்புகளில் இருந்த ரெப்ளிகேட்டர் 2.4-இல் எடுக்கப்பட்டுவிட்டது, அதை நம்பி இப்போது புதிதாகக் கட்டாதீர்கள். யூசர் டேபிளில் ஒவ்வொருவருக்கும் அவர் பெட்டி எந்த சர்வரில் என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். பெட்டி வேறு இடத்தில் இருந்தால் பாஸ்டிபி ப்ராக்ஸி என்று பதில் தந்து அந்த சர்வருக்கே அனுப்பட்டும். அந்த சர்வர் செத்திருந்தால் பிழைதான் வரும். காலி இன்பாக்ஸைவிடப் பிழை எவ்வளவோ மேல்.

15 ஜூன்

கடைசியாகக் கேட்டது: மூன்று இடத்தில் டேட்டா இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

மாஸ்டரில் ஒருவர், எந்த வரி என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் டெலீட் கொடுத்தால் அடுத்த நொடி மூன்று இடத்திலும் டேபிள் காலி. ஏப்ரலில் சொன்ன வெறும் டேபிள் இதுதான், இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் 550. மரியாடிபி 10.2 வரிசையிலிருந்து தாமத ரெப்ளிகா வைக்கலாம். மாஸ்டரைவிட ஒரு மணி நேரம் வேண்டுமென்றே பின்தங்கி ஓடும். மெயில் சர்வர் அதைக் கேட்காது, மீட்க மட்டும். அதோடு தினமும் இரவு டம்ப். முந்நூறு யூசர் டம்ப் சில நூறு கேபிகூட வராது, ஒரு வருடத்துக்கே வைத்துக்கொள்ளலாம். அதில் பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) இருப்பதால் என்கிரிப்ட் செய்து வையுங்கள். டம்ப் எடுத்ததும் யூசர் வரிகளை எண்ணி, நேற்றைய எண்ணிக்கையைவிடப் பத்துக்கு மேல் குறைந்திருந்தால் பழையதை எதையும் அழிக்காமல் எஸ்எம்எஸ் அனுப்பும்படி ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள்.